காற்றுக்கு விலையில்லை, கடனுக்கு வட்டி உண்டு

வெயில் ஓரிடம், தகடு வேறிடம்

வெயிலுக்கும் காற்றுக்கும் யாரும் விலை கேட்பதில்லை. அப்படியானால், நிலக்கரியும் எண்ணெயும் வாங்க டாலர் தேடி அலையும் ஏழை நாடுகள்தான் முதலில் சூரியத் தகடுக்கும் காற்றாலைக்கும் மாறியிருக்க வேண்டும். நடந்திருப்பது நேர்மாறு. உலகில் சூரிய ஒளி மிகச் சிறப்பாகக் கிடைக்கும் வளத்தில் 60 சதவீதம் ஆப்பிரிக்காவில் இருப்பதாகச் சர்வதேச எரிசக்தி முகமை 2022-ல் கணித்தது. நிறுவப்பட்ட சூரிய மின் திறனில் அக்கண்டத்தின் பங்கோ ஒரு சதவீதம்தான். குளிர்காலம் முழுவதும் மேகம் கவிந்து கிடக்கும் ஜெர்மனியில் ஆப்பிரிக்கா முழுவதிலும் உள்ளதைப் போலப் பல மடங்கு தகடுகள் இருக்கின்றன.

இதைப் பார்த்து இரண்டு முடிவுகளுக்கு வரலாம். பணக்கார நாடுகளிடம் காசு இருக்கிறது, அதனால் வாங்குகின்றன என்பது ஒன்று. இத்தகைய ஆற்றலில் போட்ட முதல்தான் அந்த நாடுகளை வளர்க்கிறது என்பது மற்றொன்று. அரசியல் மேடைகளில் இரண்டுமே முழக்கங்களாகிவிட்டன. நிலக்கரியைக் கைவிட்டால் வளர்ச்சி படுத்துவிடும் என்று ஒரு தரப்பு சொல்ல, காற்றாலையே வேலைவாய்ப்பின் ஊற்று என்கிறது எதிர்த்தரப்பு.

முழக்கங்களை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்க்கும் முன் இரண்டு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். எடுக்க எடுக்க இயற்கை மீண்டும் நிரப்பித் தருவது புதுப்பிக்கத்தக்க ஆற்றல். வெயில், காற்று, ஆற்றுநீர், மரம், சாணம் எல்லாம் இதில் அடங்கும். ஒரு நாட்டில் ஓராண்டில் உருவாகும் பொருள்கள், சேவைகள் ஆகியவற்றின் மொத்த மதிப்பு, அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தி, முந்தைய ஆண்டைவிட எவ்வளவு கூடியது என்பது பொருளாதார வளர்ச்சி. முதல் சொல்லில் மரமும் சாணமும் இருப்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது.

விறகும் பட்டியலில் உண்டு

மொத்த ஆற்றல் நுகர்வில் புதுப்பிக்கத்தக்க ஆற்றலின் பங்கை வைத்து உலக நாடுகளை வரிசைப்படுத்தினால், முதலிடங்களில் டென்மார்க்கையோ ஜெர்மனியையோ காண முடியாது. காங்கோ ஜனநாயகக் குடியரசும் எத்தியோப்பியாவும் உகாண்டாவும் அங்கே நிற்கும். இவற்றில் அந்தப் பங்கு 90 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்துவந்திருக்கிறது. காரணம் எளியது. அங்கே பெரும்பாலான வீடுகளில் அடுப்பெரிவது விறகிலும் கரியிலும். மரம் மீண்டும் முளைக்கும் என்பதால் புள்ளிவிவரக்காரர் அதைப் புதுப்பிக்கத்தக்கது என்ற கட்டத்தில் எழுதிவிடுகிறார். விறகு சுமக்கும் பெண்ணின் முதுகுவலிக்கும் புகை மண்டிய சமையலறைக்கும் அந்தக் கட்டத்தில் இடமில்லை.

இந்தியாவின் கதையும் இதுவே. 1990-ல் நாட்டின் இறுதி ஆற்றல் நுகர்வில் பாதிக்கு மேல் புதுப்பிக்கத்தக்கதாக இருந்தது. பின்னர் அது மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. இந்தக் காலத்தில்தான் ஆரல்வாய்மொழியிலும் குஜராத்திலும் காற்றாலைகள் எழுந்தன, ராஜஸ்தானில் சூரியப் பூங்காக்கள் பரந்தன. ஆனாலும் பங்கு குறைந்தது. விறகடுப்பு போய் எரிவாயு உருளை வந்தது, அனல் மின் நிலையங்கள் பெருகின, சாலைகளில் வண்டிகள் நிறைந்தன. காற்றாலைகள் கூட்டியதைவிட இவை குறைத்தது அதிகம்.

இந்த எண்களை அப்படியே ஒரு வரைபடத்தில் போட்டால், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் குறையக் குறைய நாடு வளர்கிறது என்ற முடிவு கிடைக்கும். அந்த முடிவு எண்ணளவில் சரி, பொருளளவில் அபத்தம். விறகையும் காற்றாலையையும் ஒரே நிறத்தில் தீட்டிய எந்த ஆய்வையும் ஐயத்தோடு அணுகுவது நல்லது. இனி இந்த அத்தியாயத்தில் பேசப்படுவது விறகை நீக்கிய பங்கைப் பற்றி, பெரும்பாலும் மின்சாரத்தைப் பற்றி.

எது முன், எது பின்

ஆற்றலுக்கும் வருமானத்துக்கும் உள்ள உறவை எண்களில் பிடிக்க முயன்ற தொடக்க கால ஆய்வுகளில் புகழ்பெற்றது 1978-ல் ஜான் கிராஃப்ட், ஆர்தர் கிராஃப்ட் இருவரும் வெளியிட்டது. அமெரிக்காவின் 1947 முதல் 1974 வரையிலான புள்ளிவிவரங்களை எடுத்துக்கொண்டு, தேசிய உற்பத்தி கூடியதால் ஆற்றல் நுகர்வு கூடியது, அதன் மறுதலை நடக்கவில்லை என்றார்கள். ஆற்றலைச் சிக்கனப்படுத்தினால் வளர்ச்சி கெடாது என்று இதற்குப் பொருள். எண்ணெய் நெருக்கடியில் தவித்த நாட்டுக்கு இனிப்பான செய்தி. இரண்டே ஆண்டுகளில் வேறு இருவர் அதே எண்களை எடுத்து, காலவரம்பை இரண்டாண்டு சுருக்கிப் பார்த்தார்கள். தொடர்பு மறைந்துவிட்டது.

இத்தகைய ஆய்வுகள் பலவும் சார்ந்திருப்பது பிரிட்டன் பொருளியலாளர் கிளைவ் கிரேஞ்சர் 1969-ல் வகுத்த ஒரு சோதனையை. காலத்தொடர் ஆய்வுக்காக அவருக்கு 2003-ல் நோபல் பரிசு கிடைத்தது. சோதனையின் சாரம் இது. ஒரு நாட்டின் அடுத்த ஆண்டு வருமானத்தை ஊகிக்க அதன் கடந்த கால வருமானம் மட்டும் போதுமா? கடந்த கால மின் நுகர்வையும் சேர்த்துக்கொண்டால் ஊகம் கூர்மையாகிறதா? கூர்மையானால், மின்சாரத்திலிருந்து வருமானத்துக்கு அம்பு போடலாம். இதை முன்னறிகுறிச் சோதனை என்று அழைப்பது பொருந்தும். ஏனென்றால் இது காட்டுவது முந்தி வருவது எது என்பதை மட்டுமே. கோழி கூவியா பொழுது விடிகிறது என்று ஊரில் கேட்பார்கள். இந்தச் சோதனையிடம் கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும்.

புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கும் இதே சோதனையைப் பொருத்தினார்கள். 2010-ல் அபெர்கிஸ், பெய்ன் இருவரும் 20 வளர்ந்த நாடுகளின் 1985 முதல் 2005 வரையிலான எண்களில் அம்பு இரு பக்கமும் போவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே மெனெகாகி, 27 ஐரோப்பிய நாடுகளின் 1997 முதல் 2007 வரையிலான எண்களைப் பார்த்துவிட்டு, அம்பே இல்லை என்றார். வளரும் நாடுகளை ஆராய்ந்த சடோர்ஸ்கியோ 2009-ல், ஆள்வீத வருமானம் ஒரு சதவீதம் கூடினால் ஆள்வீதப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நீண்டகாலத்தில் ஏறத்தாழ மூன்றரை சதவீதம் கூடும் என்று கணக்கிட்டிருந்தார். வருமானம்தான் முன்னே போகிறது, ஆற்றல் அதன் பின்னே ஓடுகிறது என்று இதைப் படிக்கலாம்.

அடுத்து வந்த ஆய்வுகளிலும், எந்த நாடு, எந்த ஆண்டுகள் என்பதற்கேற்ப விடை மாறிக்கொண்டே இருந்தது. இருபது நாடுகளின் சராசரியில் தேடுவதைவிட, ஒரே ஒரு நாட்டில் என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, பணம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பின்தொடர்வது அதிகம் சொல்லும். அதற்குத் தோதான நாடு உருகுவே.

மழையை நம்பிய மின்வாரியம்

தென்னமெரிக்காவில் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நடுவே இருக்கும் சிறு நாடு உருகுவே. மக்கள்தொகை சுமார் 35 லட்சம். மாடுகள் அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். நிலக்கரி கிடையாது, எண்ணெய் கிடையாது, எரிவாயுவும் கிடையாது. உச்ச மின்தேவை 2,000 மெகாவாட்டைச் சற்றே தாண்டும். தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே மாதம் 20,000 மெகாவாட்டைக் கடந்ததோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு.

இருபதாம் நூற்றாண்டில் அந்நாடு தன் பெரிய ஆறுகளில் அணைகளைக் கட்டிக்கொண்டது. அர்ஜென்டினாவுடன் சேர்ந்து கட்டிய சால்டோ கிராண்டே அணை 1979-ல் மின்சாரம் தரத் தொடங்கியது. மழை பெய்த ஆண்டுகளில் அணைகளே நாட்டுத் தேவையின் பெரும்பகுதியைச் சுமந்தன. மழை பொய்த்தால் எண்ணெயை எரிக்க வேண்டும், இல்லையேல் அண்டை நாடுகளிடம் கையேந்த வேண்டும். 2004-ல் அர்ஜென்டினாவே எரிவாயுப் பற்றாக்குறையில் சிக்கி ஏற்றுமதியைச் சுருக்கியபோது அந்த வழியும் குறுகியது.

அதே நேரம் பொருளாதாரம் எழுந்துகொண்டிருந்தது. 2002-ல் வங்கி நெருக்கடியில் 7 சதவீதத்துக்கு மேல் சரிந்த உற்பத்தி, 2004-க்கும் 2014-க்கும் இடையே ஆண்டுக்குச் சராசரியாக 5 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. வளர்த்தவை சோயா, மாட்டிறைச்சி, மரக்கூழ். உலகச் சந்தையில் இவற்றின் விலை உச்சத்தில் இருந்தது, வாங்கிக் குவித்தது சீனா. வீடுகளில் குளிர்சாதனமும் ஆலைகளில் புது இயந்திரமும் வந்ததால் மின்தேவை ஏறியது. அணை கட்டத் தகுந்த ஆறு எதுவும் மிச்சமில்லை. 2008-ல் வறட்சியும் வந்தது, எண்ணெய் விலையும் பீப்பாய்க்கு 147 டாலரைத் தொட்டது.

இந்தக் கட்டத்தில் வளர்ச்சி என்ற அம்பு ஆற்றலை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. காற்றாலை எதுவும் எழுவதற்கு முன்பே நாடு வளர்ந்தது, வளர்ந்ததால் மின்சாரம் போதவில்லை.

ஏலமும் இருபதாண்டு வாக்கும்

2008-ல் தேசிய ஆற்றல் இயக்குநர் பொறுப்புக்கு வந்தவர் ரமோன் மெண்டஸ். துகள் இயற்பியல் படித்தவர், ஆற்றல் துறைக்குப் புதியவர். அணு உலை பற்றிய ஆலோசனை அப்போது நாட்டில் நடந்துகொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்த அவர் காற்றின் பக்கம் சாய்ந்தார். அந்த ஆண்டு வகுக்கப்பட்ட 2030 வரையிலான ஆற்றல் கொள்கையை, 2010-ல் நாடாளுமன்றத்தின் எல்லாக் கட்சிகளும் கையொப்பமிட்டு ஏற்றன. ஆட்சி மாறினாலும் கொள்கை மாறாது என்ற அந்த உறுதி, காற்றாலை இறக்கைகளுக்குச் சற்றும் குறையாத மதிப்புடையது என்பது பின்னால் வரும் கணக்கில் தெரியும்.

வழிமுறையில் புதுமை அதிகமில்லை. அரசின் மின்வாரியமான யு.டி.இ. ஏலம் அறிவித்தது. குறைந்த விலைக்குத் தர ஒப்புக்கொள்ளும் நிறுவனம் காற்றாலையைத் தன் செலவில் கட்டும். அதில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதையும் 20 ஆண்டுகளுக்கு ஒப்பந்த விலையில் வாரியம் வாங்கிக்கொள்ளும். 2011 ஏலத்தில் விலை யூனிட்டுக்கு 6.3 அமெரிக்க சென்ட் அளவுக்கு இறங்கியது. 2008 வாக்கில் வெறும் 10 மெகாவாட் பண்ணை ஒன்றோடு தொடங்கிய காற்றாலைத் திறன், பத்தாண்டுக்குள் 1,500 மெகாவாட் அளவை எட்டியது. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு காற்றிலிருந்து வந்தது. அணைநீர், மரக்கழிவு, வெயில் எல்லாம் சேர்த்தால், நல்ல ஆண்டுகளில் 95 சதவீதத்துக்கு மேல் புதுப்பிக்கத்தக்கது.

காற்று நினைத்தபோது வீசும், நினைத்தபோது நிற்கும் என்ற குறைக்கு அந்நாட்டில் ஏற்கெனவே மருந்து இருந்தது. காற்று வீசும் நேரத்தில் மதகை மூடி அணையில் நீரைத் தேக்குவார்கள், காற்று அடங்கியதும் திறந்துவிடுவார்கள். அணை இல்லாத நாடு இந்தப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

மரக்கழிவு பற்றியும் ஒரு சொல். 2007-ல் ஃப்ரே பெந்தோஸ் நகரில் தொடங்கிய மரக்கூழ் ஆலை, கூழ் எடுத்தபின் மிஞ்சும் கரிய திரவத்தை எரித்துத் தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு மீதியை வாரியத்துக்கு விற்கிறது. ஆலை ஓடினால் ஏற்றுமதி கூடும், கூடவே புதுப்பிக்கத்தக்க மின்சாரமும் கூடும். அம்பு எந்தப் பக்கம் என்ற கேள்வி இங்கே செல்லாது. இரண்டும் ஒரே கொதிகலனில் பிறக்கின்றன.

வரைபடம் மறைப்பது

இப்போது முன்னறிகுறிச் சோதனைக்காரர் பார்வையில் உருகுவேயைப் பார்க்கலாம். 2014 வரை வளர்ச்சி வேகமானது, காற்றாலை சொற்பம். 2015-க்குப் பின் காற்றாலை மளமளவென ஏறுகிறது, வளர்ச்சியோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் சுருங்குகிறது. இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், காற்றாலை வளர்ச்சியைக் கொன்றது என்று தீர்ப்பெழுத எவருக்கும் கை துறுதுறுக்கும்.

உண்மைக் காரணங்கள் வேறு. சோயா விலை விழுந்தது. பிரேசிலும் அர்ஜென்டினாவும் மந்தத்தில் மூழ்கின. இரண்டு பெரிய அண்டை வீடுகளில் அடுப்பு அணைந்தால் இடையில் இருக்கும் கடைக்கு வியாபாரம் ஏது? காற்றாலை இல்லாதிருந்தாலும் சரிவு வந்திருக்கும்.

அப்படியென்றால் காற்றாலையால் பொருளாதாரத்துக்குக் கிடைத்தது என்ன? விடை 2012-ன் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு மின்சாரம் வழங்க ஏறத்தாழ 95 கோடி டாலர் ஆகும் என்று வாரியம் மதிப்பிட்டிருந்தது. மழை பொய்த்தது, எண்ணெய் விலை உயர்ந்திருந்தது. கடைசியில் ஆனது 140 கோடி. வித்தியாசமான 45 கோடி டாலர் அந்நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் நூற்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. பெரும்பகுதி எரிபொருள் விலையாக நாட்டைவிட்டு வெளியேறிய பணம். வாரியம் கடன் வாங்கியது, கட்டணத்தை உயர்த்தியது. அடுத்த ஆண்டு டிசம்பரில், மழை குறைந்தால் எண்ணெய் விலைக்கேற்ப இழப்பீடு பெறும் வகையில் உலக வங்கியோடு 45 கோடி டாலருக்குக் காப்பீடு செய்துகொண்டது. ஒரு நாட்டின் மின்வாரியம் மழைக்குக் காப்பீடு எடுக்கும் அளவுக்கு நிலைமை இருந்தது.

காற்றாலைகள் வந்தபின் இத்தகைய அதிர்ச்சி மெலிந்தது. 2023-ல் பல பத்தாண்டுகளில் காணாத வறட்சியில் தலைநகர் மான்டிவீடியோவின் குழாயில் உப்புத் தண்ணீர் வந்தது, அரசு நீர் நெருக்கடியை அறிவித்தது. மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு வரவில்லை. ஆனால் சோயா காய்ந்தது, அந்த ஆண்டு வளர்ச்சி ஒரு சதவீதத்தையும் எட்டவில்லை. வறட்சியிலிருந்து மின்சாரத்தைக் காக்கக் காற்றாலையால் முடிந்தது, வயலைக் காக்க முடியவில்லை. நேராமல் தவிர்த்த இழப்பு எந்த வளர்ச்சி வரைபடத்திலும் தனிக் கோடாக ஏறுவதில்லை. அதனால்தான் புள்ளியியல் ஆய்வுகள் பலவற்றின் கண்ணில் அது படுவதில்லை.

குறையும் உண்டு. வாங்கிக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டதால், தேவை குறைந்த இரவுகளில் காற்றாலையை நிறுத்திவைத்தாலும் வாரியம் பணம் தர வேண்டியிருக்கிறது. உற்பத்திச் செலவு இறங்கிய அளவுக்கு வீட்டுக் கட்டணம் இறங்கவில்லை என்ற மனக்குறை மக்களிடம் இருக்கிறது. வாரியத்தின் லாபத்தில் ஒரு பகுதி அரசுக் கருவூலத்துக்குப் போகிறது. கிடைத்த ஆதாயம் நாட்டில்தான் தங்கியது, ஆனால் அது குடும்பத்தின் பையிலா அரசின் பையிலா என்பது அரசியல் முடிவு.

ஏழைக்குக் காற்று ஏன் விலை அதிகம்

அனல் மின் நிலையத்தின் செலவில் பெரும்பகுதி அது ஓடும் ஒவ்வொரு நாளும் வருகிறது. இன்று நிலக்கரி வாங்கி இன்று எரிக்கலாம், பணமில்லாவிட்டால் குறைவாக எரிக்கலாம். காற்றாலை அப்படியல்ல. இருபதாண்டு மின்சாரத்துக்கான விலையில் பெரும்பகுதியை முதல் நாளே கட்டிவிட வேண்டும். யாரும் அதைக் கையிருப்பிலிருந்து எடுத்துக் கட்டுவதில்லை, கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். ஆகவே காற்றாலை மின்சாரத்தின் விலையைத் தீர்மானிப்பது காற்றுக்கு அடுத்தபடியாக வட்டி.

ஒரு மெகாவாட் காற்றாலைக்கு 7 கோடி ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டு நேரத்தில் கால்பங்கு முழு வேகத்தில் ஓடியதற்கு ஈடாக உற்பத்தி செய்தால் சுமார் 22 லட்சம் யூனிட் கிடைக்கும். கடனை இருபதாண்டில் சம தவணையாக அடைக்க வேண்டும். வட்டியே இல்லாவிட்டால் ஆண்டுத் தவணை 35 லட்சம், யூனிட்டுக்கு 1 ரூபாய் 60 காசு விழும். வட்டி 6 சதவீதமானால் தவணை 61 லட்சம், யூனிட்டுக்குச் சுமார் 2 ரூபாய் 80 காசு. வட்டி 12 சதவீதமானால் தவணை 94 லட்சத்தை நெருங்கும், யூனிட்டுக்குச் சுமார் 4 ரூபாய் 30 காசு. அதே இயந்திரம், அதே காற்று. பராமரிப்புச் செலவைச் சேர்க்காமலே, வட்டி 6-லிருந்து 12 சதவீதமானதில் விலை ஒன்றரை மடங்காகிவிட்டது.

ஜெர்மனியில் தகடு குவிந்ததற்கும் ஆப்பிரிக்காவில் குவியாததற்கும் இதைவிட எளிய விளக்கம் கிடைப்பது அரிது. அரசுகள் கடனைத் திருப்பித் தருமா என்று சந்தை ஐயப்படும் நாடுகளில் மின் திட்டத்துக்கான வட்டி பணக்கார நாடுகளில் உள்ளதைப் போல இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அங்கே காசில்லாத வெயில், விலை உயர்ந்த மின்சாரமாகிவிடுகிறது.

உருகுவேயின் காலவரிசைக்கு இந்த வெளிச்சத்தில் புது அர்த்தம் கிடைக்கிறது. பத்தாண்டு வளர்ச்சியால் அந்நாட்டின் கடன் நிலை தேறியது. 2002 நெருக்கடியில் இழந்த முதலீட்டுத் தரச்சான்றை 2012-ல் மீண்டும் பெற்றது. எல்லாக் கட்சிகளின் கையொப்பமும் வாரியத்தின் இருபதாண்டு வாக்கும் கடன் கொடுப்போரின் அச்சத்தை மேலும் குறைத்தன. காற்றாலைகள் பெருவாரியாக எழுந்தது இதற்குப் பின்தான். வளர்ச்சி வட்டியைக் குறைத்தது, குறைந்த வட்டி காற்றாலையை மலிவாக்கியது, காற்றாலை அடுத்த வறட்சியின் அடியைத் தடுத்தது. இருபக்க அம்பு என்று ஆய்வாளர்கள் சொல்வதன் உள்ளே இருக்கும் இயக்கம் இதுதான். இடையில் நிற்கும் வட்டியை அவர்களின் சோதனைகளில் பல சேர்த்துக்கொள்வதே இல்லை.

நூற்பாலைகள் நட்ட காற்றாலைகள்

இதே விதி தமிழ்நாட்டில் வேறொரு வடிவத்தில் வேலை செய்தது. 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் செயல்விளக்கக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று பீறிட்டு வருவதால் இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் 1990-களில் முப்பந்தலில் காற்றாலைகளை வரிசையாக நட்டவர்களில் பெரும்பங்கு கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலை, பஞ்சாலை முதலாளிகளுக்கு உண்டு. காற்றாலையில் போட்ட முதல் முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள மத்திய அரசு அப்போது அனுமதித்திருந்தது. லாபம் ஈட்டும் ஆலைக்கு மட்டுமே இந்தச் சலுகையால் பயன். லாபமே இல்லாதவருக்குக் கழிக்க வரி ஏது? ஆக, முதலில் ஆலை வளர்ந்திருக்க வேண்டும்.

நட்ட காற்றாலையிலிருந்து வரும் மின்சாரம் வாரியத்தின் கம்பி வழியே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆலையின் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. நூல் விலையில் மின்சாரத்தின் பங்கு கணிசம் என்பதால், ஆலைக்கு இது வரிச்சலுகையோடு முடியாத ஆதாயமாயிற்று. 2008-க்குப் பின் மாநிலம் கடும் மின்வெட்டில் சிக்கியபோது, காற்று சீசன் முடியும் மாதங்களை ஆலைக்காரர்கள் பயத்தோடு எதிர்பார்த்தார்கள். மே முதல் செப்டம்பர் வரை தணிந்திருந்த வெட்டு அக்டோபரில் மறுபடி நீளும். டீசல் ஜெனரேட்டர் ஓட்டி நூல் நூற்றவர்களுக்கு யூனிட் விலை பல மடங்கானது.

பின்னர் 2012 ஏப்ரலில் அந்தத் தேய்மானச் சலுகை நிறுத்தப்பட்டது. நாடு முழுவதும் அதற்கு முந்தைய நிதியாண்டில் 3,200 மெகாவாட் அளவில் நிறுவப்பட்ட காற்றாலைகள், அடுத்த ஆண்டு 1,700 மெகாவாட்டாகச் சரிந்தன. கணவாயில் காற்று முன்போலவே வீசியது. மாறியது முதலின் கணக்கு மட்டும். 2014-ல் சலுகை திரும்பியது.

நுகர்வு குறைகிறதா, வீணாவது குறைகிறதா

கடைசியாக, எண்களில் ஒளிந்திருக்கும் இன்னொரு கண்ணி. அனல் மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பம் 100 பங்கு என்றால் மின்சாரமாவது சுமார் 35 பங்கு. மீதி குளிர்விப்புக் கோபுரத்திலும் புகைபோக்கியிலும் போய்விடும். நாட்டின் ஆற்றல் கணக்கில் பதிவாவதோ 100. அதே மின்சாரத்தைக் காற்றாலை தரும்போது பல கணக்குமுறைகளில் 35 மட்டும் பதிவாகும். ஒரு விளக்கும் அணையவில்லை, ஒரு தறியும் நிற்கவில்லை, ஆனால் நாட்டின் ஆற்றல் நுகர்வு 65 பங்கு குறைந்துவிட்டதாகப் புள்ளிவிவரம் சொல்லும்.

வளர்ச்சி ஏற ஆற்றல் நுகர்வோ கரியுமிழ்வோ இறங்குவதைப் பிணைப்பறுதல் என்கிறார்கள். இதற்கு அடிக்கடி காட்டப்படும் சான்று பிரிட்டன். 1990-க்கும் 2022-க்கும் இடையே அதன் உமிழ்வு பாதியானது, பொருளாதாரம் ஏறத்தாழ 80 சதவீதம் வளர்ந்தது. 1882-ல் லண்டன் ஹோல்போர்னில் உலகின் முதல் பொது நிலக்கரி மின் நிலையத்தைத் திறந்த நாடு, 2024 செப்டம்பர் 30 அன்று ராட்கிளிஃப் நிலையத்தை மூடி நிலக்கரி மின்சாரத்தை முடித்துக்கொண்டது. 2012-ல் கூட அதன் மின்சாரத்தில் 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது என்பதை நினைத்தால் வேகம் வியப்பளிக்கும். காற்றாலைகளுக்கும் எரிவாயுவுக்கும் இதில் பெரும் பங்குண்டு. மேலே சொன்ன கணக்குமுறை மாயத்துக்கும் ஆற்றல் நுகர்வுக் கோட்டின் சரிவில் பங்குண்டு.

இன்னொரு பங்கு, தொழிற்சாலைகள் வேறு நாடுகளுக்குப் போனதற்கு உரியது. பிரிட்டன் மக்கள் வாங்கும் இறக்குமதிப் பொருள்களின் உமிழ்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் சரிவு சிறியதாகிறது. மறைந்துவிடுவதில்லை, அந்தக் கணக்கிலும் 2007-ல் உச்சம் தொட்டபின் இறக்கம்தான். ராட்கிளிஃப் மூடிய அதே நாளில் வேல்ஸின் போர்ட் டால்போட் நகரில் டாடா ஸ்டீல் தன் கடைசி ஊதுலையையும் நிறுத்தியது. ராட்கிளிஃப் தந்த மின்சாரத்தின் இடத்தைப் பெரும்பாலும் உள்நாட்டிலேயே நிரப்பிக்கொள்ள முடிந்தது. போர்ட் டால்போட்டிலோ, மின்வில் உலை கட்டி முடியும் வரை உருட்டாலைகளுக்கு வேண்டிய எஃகு இந்தியா, நெதர்லாந்து உள்ளிட்ட நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. பிரிட்டனின் கணக்கில் குறைந்த ஊதுலை நிலக்கரியில் ஒரு பகுதி இந்தியாவின் கணக்கில் ஆற்றல் நுகர்வாகவும் ஏற்றுமதி வளர்ச்சியாகவும் பதிவாகிறது.